வளைவில் முள் அசையாது

கொல்லிமலைக் குழாய்வண்டியின் வெள்ளோட்டத்தன்று, என் மஞ்சள் பையைக் கொண்டுபோய்ச் சுமைமாற்றியின் கைப்பிடியில் மாட்டியவன் நானேதான். பையில் இரண்டு கொய்யாப்பழம், ஒரு தண்ணீர்ப் பாட்டில், மாற்றுச் சட்டை ஒன்று. சாமான் வைக்க இருக்கைக்குக் கீழே மூடிபோட்ட பெட்டி இருக்கிறது. குனிந்தால் வைத்துவிடலாம். குனிய என் தொப்பை சம்மதிப்பதில்லை. உலகத்தில் எத்தனையோ உண்மைகள் யாரோ ஒருவரின் தொப்பையால்தான் வெளியே வந்திருக்கும். யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

பின்னால் ஆறு விருந்தினர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவருடைய மனைவி, வங்கிக்காரர்கள் மூன்று பேர், எங்கள் 'மென்தடம்' நிறுவனத்தின் எம்.டி. நவநீதன். காரவள்ளி அடிவாரத்தில் கிளம்பி, கொண்டையூசி வளைவுகளில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். உடம்பு அலுங்குவதையெல்லாம் சுமைமாற்றி வேறெங்கோ அனுப்பிவிடுவதால், உள்ளே இருப்பவர்களுக்கு வீட்டு சோபாவில் சாய்ந்து கிடப்பது போலத்தான் இருக்கும். ஓட்டுவதைவிட வாயடிப்பதில் எனக்குத் தேர்ச்சி அதிகம் என்பதால் மைக்கைக் கையில் எடுத்திருந்தேன்.

"ஐயா, இப்ப நாம பாதி மலை ஏறியாச்சுங்க. உங்க வயிறு இன்னும் கீழ பஸ் ஸ்டாண்டுலயே நின்னுட்டிருக்குது" என்றேன். நீதிபதி சிரித்தார்.

அடுத்த வளைவில் பை ஆடியது. எங்களில் ஒருவருக்கும் தெரியாத அந்த வளைவு பைக்கு மட்டும் தெரிந்தது. எங்கள் அலுங்கலை வாங்கிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் சேந்தமங்கலத்தில் ஒரு தாங்கி உண்டு. பைக்குத் தாங்கி கிடையாது. ஆடிய பை கைப்பிடியை இழுத்தது, கைப்பிடி இறங்கியது, சுமைமாற்றி நின்றது.

சில நொடிகள்தான். நீதிபதி ஜன்னலில் போஸ்டர் மாதிரி ஒட்டிக்கொண்டார். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் திரும்பியது. அவர் உரிந்து வந்து மனைவி மேல் விழுந்தார். அதற்கப்புறம் ஆரம்பித்தது. காலையில் கேன்டீனில் சாப்பிட்ட பொங்கலும் வடையும் தேங்காய்ச் சட்னியும் போன வழியிலேயே திரும்பி வந்தன. வங்கிக்காரர்களில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திப் பார்த்தார். கைக்குட்டை என்பது நம்பிக்கையே தவிரத் தடுப்பு அல்ல. நவநீதன் சாருடையது நீதிபதியின் பட்டு அங்கவஸ்திரத்தில் இறங்கி, மடிப்புக்குள் தேங்கி நின்றது. என்னுடையது நேராக வேகமானியின் கண்ணாடி மேல். தட்டுத்தடுமாறிக் கைப்பிடியை ஏற்றிவிட்டு, கண்ணாடியைப் புறங்கையால் வழித்துவிட்டுப் பார்த்தேன். முள் தொண்ணூறில் அப்படியே நின்றது. மயிரிழைகூட அசையவில்லை.

மூடிய குழாய்க்குள் எட்டு நிமிடம் அந்த நாற்றத்தோடு மேலே போனோம். செம்மேட்டில் கதவு திறந்தபோது மாலையோடு காத்திருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

மறுநாள் காலை நவநீதன் சாரின் அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. அறை முழுக்க ஊதுவத்தி வாசனை. கையில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டே தாளை என் பக்கம் தள்ளினார். 'காலை உணவில் பரிமாறப்பட்ட தேங்காய்ச் சட்னி ஊசிப்போயிருந்த காரணத்தால்' என்று ஆரம்பித்தது.

"சட்னியாங்க சார்?"

"சட்னிதான். தேங்கா வெயில்ல ஊசிரும். சின்னக் கொழந்தைக்குக் கூடத் தெரியும். உனக்குப் பேரே கொழந்தைவேலு, உனக்குத் தெரியாதா?"

"கேன்டீன்காரர் பாவங்களே சார்."

"கேன்டீன்காரன் என் மச்சான்யா. அவனுக்கு என்ன ஆகும்? நாளையிலிருந்து தக்காளிச் சட்னி போடுவான்."

"பையை மாட்டினது என் தப்பு சார், ஒத்துக்கறேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியலைங்க. வண்டி கெளம்பறப்ப, நிக்கறப்ப உடம்பு அலுங்கும், அதை எடுத்துத் தாங்கிங்க மேல வெக்கறோம்னு ட்ரெயினிங்ல சொன்னீங்க. நாங்க அப்ப கெளம்பவும் இல்ல, நிக்கவும் இல்ல. முள்ளு தொண்ணூறுலயே இருந்துச்சு. அப்புறம் எப்படிங்க?"

"அதையேதானய்யா நானும் சொல்றேன். வேகம் மாறல. வேகம் மாறலன்னா முடுக்கம் இல்ல. முடுக்கம் இல்லன்னா சுமை இல்ல. சுமை இல்லாம எதுக்கு வாந்தி வரும்? சட்னி."

இவ்வளவு சுத்தமான ஒரு பொய்யை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. எங்கே தொட்டாலும் வழுக்கியது. மூலையில் உட்கார்ந்திருந்த தலைமைப் பொறியாளர் பத்மலோசனி மேடத்தின் பக்கம் திரும்பினேன். இயற்பியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். என்மேல் எப்போதும் கொஞ்சம் பிரியமும் உண்டு.

"மேடம், வளைவுல முடுக்கம் உண்டுங்களா, இல்லீங்களா?"

"அது எப்படி வரையறுக்கறோம்கறதைப் பொறுத்தது, வேலு."

"எப்படி வரையறுத்திருக்கோம்?"

"நம்ம மானி வேகம் கூடறது கொறையறதைத்தான் கணக்கெடுக்குது. திசை மாறறதைச் சேர்க்கறது அடுத்த கட்டத்துல வருது."

"என் பையனோட பாடப் புத்தகத்துல திசை மாறினாலும் முடுக்கம்தான்னு போட்டிருக்குங்க. கல்லைக் கயித்துல கட்டிச் சுத்தற மாதிரி படம்கூட இருக்கு. கல்லு ஒரே வேகத்துல சுத்தினாலும் கயிறு அதை இழுத்துக்கிட்டே இருக்கணும். விட்டா நேராப் போயிரும்னு."

"பாடப் புத்தகம் வேற, இயக்கம் வேற."

"உண்டா, இல்லையா மேடம்?"

"நல்ல கேள்வி" என்றார், தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டு.

நல்ல கேள்வி என்பது, படித்தவர்கள் நம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தும்போது கேட்கிற சத்தம்.

"அப்ப ஆறு மாசமா அந்த மலையில சோதனை ஓட்டம் விட்டேனே. ஒவ்வொரு வளைவுலயும் என் மேல விழ வேண்டியது எங்கதாங்க போச்சு?"

நவநீதன் மறுபடியும் கிருமிநாசினியைக் கையில் ஊற்றிக்கொண்டார். "திங்கக்கிழமை முழு சர்வீஸ் ஆரம்பம். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நீதான் ஓட்டற. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடு. போட மனசில்லன்னா சொல்லிடு, ஆள் வரிசையில நிக்கறான்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். சாதாரணப் பஸ். ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் வந்து சாய்ந்தார், நான் ஜன்னல் கம்பியில் சாய்ந்தேன். இதைத்தான் 'அநாகரிகம்' என்று எங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தோம்.

தாங்கிகள் கூடம் ஒரு பழைய ஜவ்வரிசி ஆலைக்குள் இருந்தது. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மரவள்ளிக் கிழங்கு புளிக்கிற நாற்றம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அதன்மேல் பினாயிலை ஊற்றி, அதன்மேல் வாந்தியை ஊற்றி, மறுபடி பினாயிலை ஊற்றினால் வருகிற நாற்றம் மூக்கில் நிற்காது. நாக்கில் வந்து உட்காரும். எச்சிலை விழுங்கவும் கூசியது, துப்பவும் கூசியது.

மேற்பார்வையாளர் பொன்னுரங்கம் ஓடிவந்தார். "வாங்கண்ணா, வாங்க. ஓட்டறவங்க யாரும் இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்களே. டீ சொல்லட்டுங்களா?"

இந்த நாற்றத்தில் டீ குடிக்கப் பழகிய மனிதனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் தோளுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் பட்டைவார்கள், விரிப்புக்குப் பதில் கழுவிவிட வசதியாகப் பிளாஸ்டிக் தாள், தலைமாட்டில் ஒரு சிவப்பு பல்பு, பக்கத்தில் வாளி. நாமக்கல் வழிக்கான கட்டில்களில் ஆட்கள் கிடந்தார்கள். அங்கே ஏதோ வண்டி கிளம்பியிருக்க வேண்டும். ஏழெட்டு உடம்புகள் ஒரே நேரத்தில் தலைமாட்டுப் பக்கம் இழுபட்டு, வாரில் முட்டி நின்றன. யாரும் கத்தவில்லை. பழகிய உடம்புகள். நாமக்கல்லில் யாரோ அந்த நேரம் சோபா சுகத்தில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்திருப்பார்.

"ஏனுங்க, இதை மனுசங்க மேலதான் வெக்கணுமா? கல்லு மேல, மண்ணு மேல வெக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கல்லுல எறக்கிப் பாத்தாங்கண்ணா, வெடிச்சுப்போச்சு. எருமை மேல எறக்கினாங்க, அது அங்கியே செத்துப்போச்சு. மனுசன் ஒடம்பு அலுங்கறதை மனுசன் ஒடம்புதான் வாங்கிக்குதாமா. எருமைக்கு அந்தளவுக்குப் பொறுமை பத்தலைங்க."

"இந்தப் பல்பு?"

"வண்டி வேகம் எடுக்கறப்பவும் கொறைக்கறப்பவும் இதுல கணக்கு ஏறுமுங்க. அளவு தாண்டினா செகப்பு எரியும். எரிஞ்சதுன்னா ஆளை எறக்கிப் படுக்க வெச்சுட்டு, மாத்து ஆளைக் கட்டியே ஆகோணும். அது சட்டம். அதுல எம்.டி.யும் கை வெக்க முடியாது." குரலில் ஒரு பெருமை. "ஆனா மலைவழியில மட்டும் ஆறு மாசத்துல ஒருக்காகூட எரிஞ்சதில்லீங்க. நீங்க அத்தனை சீரா ஓட்டறீங்களே."

எனக்குச் சீர்வேக ஓட்டுநர் என்று விருது கொடுத்திருக்கிறார்கள். எவர்சில்வர் குடம். வீட்டில் அதில்தான் அரிசி போட்டு வைத்திருக்கிறோம்.

மலைவழிக்கான கட்டில்கள் கடைசி வரிசையில், காலியாக இருந்தன. அவற்றில் ஒன்றின் பிளாஸ்டிக் தாள் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. தலைமாட்டில் பெயிண்டால் எழுதியிருந்தார்கள்: 'ஓட்டுநர்'. அதன் ஓரத்தில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், கட்டிலின் இரும்புக் காலை ஒரு கையால் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மலையில் அன்றைக்கு வண்டியே ஓடவில்லை. இருந்தும் பிடித்திருந்தாள்.

"மாதேஸ்வரி, இவருதான் குழந்தைவேலு அண்ணன். மலை வண்டி ஓட்டறவரு" என்றார் பொன்னுரங்கம்.

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். வயிற்றில் வந்து கண் நின்றது.

"நீங்கதானுங்களா அது? நெனச்சேன். நல்ல கனம்."

நான் சிரிக்கப் பார்த்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை. ஆறு மாதமாக அந்த வண்டியில் நான் ஒருவன்தான் போய் வந்தேன். மற்ற சீட்டுகள் காலி. அதனால் மற்ற கட்டில்களும் காலி. நான் சினிமாப் பாட்டை விசில் அடித்துக்கொண்டு ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு கட்டில் மட்டும் நிறைந்திருக்கிறது.

"எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டேன். அவ்வளவு கேவலமான ஒரு கேள்வியைக் கேட்ட வாயை அப்புறம் எத்தனை தடவை கொப்பளித்தாலும் போதவில்லை.

"கெளம்பறதும் நிக்கறதும் பரவால்லீங்க. நெஞ்சை ஒருக்கா அமுக்கும், விட்டுரும். வளைவுதானுங்க. கொடலைப் புடிச்சு இந்தச் செவுத்துல அடிச்சு, அப்படியே கொண்டுபோயி அந்தச் செவுத்துல அடிக்கற மாதிரி. கீழ எது, மேல எதுன்னு தெரியாது. நேத்து நடுவுல கொஞ்ச நேரம் கட்டிலு சும்மா நின்னுச்சு பாருங்க. நான் செத்துட்டேன்னே நெனச்சேன். அத்தனை சொகமா இருந்துச்சு."

என் பை ஆடிய நேரம் அது.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா செரியாயிருமில்லீங்க?"

"வீடும் திரும்பிக்கிட்டேதான் இருக்குது. வீட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போறதுன்னாலும் செவுத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான். பாப்பாவுக்கு ரெண்டு வயசு. தூக்கச் சொல்லிக் கையை நீட்டுது. உக்காந்த எடத்துல மடியில வெச்சுக்குவேன். தூக்கிக்கிட்டு நிக்கறதில்லீங்க. நான் விழுகறது எனக்கே தெரியாது."

பொன்னுரங்கத்தைப் பார்த்தேன். "டாக்டர் என்ன சொல்றாருங்க?"

"இப்பவே நிறுத்தினா நெதானம் மெல்ல மெல்லத் திரும்பிரும்ங்கறாருங்க. இல்லன்னா நடுநடுவுல எறக்கிப் படுக்க வெச்சாலும் தாங்கிக்கும்ங்கறாரு. நாள் முழுக்கக் கட்டி வெச்சா, காதுக்குள்ள அந்த நெதானம் ஒரேயடியாப் போயிரும்ங்கறாரு. எழுதிக் குடுங்கன்னு கேட்டா, பாப்போம்ங்கறாரு."

"திங்கக்கெழமையிலிருந்து நாள் முழுக்கத்தானே?"

"லைட்டு எரிஞ்சாத்தானுங்க மாத்து ஆளு. லைட்டு எரியறதில்லையே. கணக்குப்படி இந்தப் புள்ள ஆறு மாசமாச் சும்மாதான் படுத்திருக்குது."

ஏதாவது ஜோக் அடிக்க வேண்டும் போல இருந்தது. எனக்கு அது ஒரு வியாதி. எங்கே வாயடைத்துப்போகிறதோ அங்கே ஒரு ஜோக் முண்டிக்கொண்டு வரும். அன்றைக்குப் பொங்கலும் வடையும் வந்த மாதிரியேதான். முதல் தடவையாக அதை விழுங்கினேன். கசந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவளிடம் காட்டினேன். "பாருங்க. சட்னின்னு எழுதியிருக்காங்க. இதுல நான் கையெழுத்துப் போடப் போறதில்லைங்க. வளைவுலயும் முடுக்கம் இருக்கு, அதை இந்தம்மா ஆறு மாசமாத் தாங்கிட்டிருக்குன்னு நானே எழுதிக் குடுக்கப் போறேன்." குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பக்கத்து வரிசைக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்றும் மனதுக்குள் ஒரு ஆசை இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

"குடுத்தா?"

"வேலையை விட்டு அனுப்புவாங்க. அனுப்பட்டும்."

"அனுப்பினா?"

"விட மாட்டேங்க. பத்திரிகைக்காரங்ககிட்டப் போவேன். கோர்ட்டுக்குப் போவேன். அந்த நீதிபதியே சாட்சி சொல்லுவாரு, அவரு அங்கவஸ்திரமே சாட்சி சொல்லும்."

"கோர்ட்டு முடியற வரைக்கும் வண்டி நிக்குமா?"

"நிக்காதுங்க."

"யாரு ஓட்டுவா?"

"வேற ஆள். வரிசையில நிக்கறாங்களாம்."

"அவரு வளைவுல எப்படி ஓட்டுவாரு?"

"தொண்ணூறுலதான். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கு. உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே, எதுக்குக் கொறைக்கணும்னு."

நாமக்கல் வண்டி ஏதோ நிறுத்தத்தில் நின்றிருக்க வேண்டும். அந்தப் பக்கத்து உடம்புகள் எல்லாம் கால்மாட்டுக்கு இழுபட்டு அடங்கின. ஒரு கட்டிலில் சிவப்பு பல்பு எரிந்தது. பொன்னுரங்கம் ஓடிப்போய் வார்களை அவிழ்த்து, அந்த ஆளைத் தோளில் சாய்த்து இறக்கினார். அந்த ஆள் தரையில் படுத்து, சிமெண்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தரை அசையாமல் இருப்பதை அவ்வளவு ஆசையோடு அனுபவிக்கும் முகத்தை நான் பார்த்ததில்லை.

என்மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. வாந்தியில் வருகிற அருவருப்பு கழுவினால் போய்விடும். இது கழுவுகிற இடத்திலேயே இல்லை. கையில் இருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நல்லவனாக வீட்டுக்குப் போய், குடத்து அரிசியில் சோறு வடித்துத் தின்றுவிட்டுத் தூங்கலாம். திங்கட்கிழமை காலை இந்தக் கட்டிலில் இவளைக் கட்டுவார்கள். என் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்து விசில் அடிப்பான்.

"ஏனுங்க, காலையிலிருந்து ஒவ்வொருத்தர்கிட்டயா கேக்கறேன். எம்.டி.யைக் கேட்டா சட்னிங்கறாரு. மேடத்தைக் கேட்டா நல்ல கேள்விங்கறாங்க. டாக்டர் பாப்போம்ங்கறாரு. நீங்களாவது சொல்லுங்க. நான் என்னதான் பண்ணட்டும்?"

மாதேஸ்வரி கட்டில் காலிலிருந்து கையை எடுத்து, தாளை வாங்கி, என் தொடைமேல் நீவி விரித்து வைத்தாள். அதற்குள் கொஞ்சம் சாய்ந்துவிட்டாள். மறுபடியும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உண்மையச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. நான் எங்க போறது? நல்லவராகறதை அப்புறம் லீவு நாள்ல வெச்சுக்கலாம். இப்ப சட்னின்னே கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டுத் திங்கக்கெழமை வண்டில நீங்களே ஏறுங்க. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் பிரேக்கை அமுத்தி மெதுவாத் திரும்புங்க, திரும்பினப்புறம் வேகம் எடுங்க. ஏன்னு யாராவது கேட்டா, அன்னைக்கு நடந்ததுலிருந்து பயமா இருக்குதுன்னு சொல்லுங்க. உங்க மூஞ்சிக்கு நம்புவாங்க. பிரேக்கு என்னைய அமுக்கட்டும், நான் தாங்கிக்கறேன். முள்ளு ஆடட்டும், லைட்டு எரியட்டும், என்னைய எறக்கட்டும்."